எருமைகளுக்கு நான் போட்ட கணக்கு

புள்ளியியல் பிழைப்பில் ஒரு விசேஷம்: தப்பைச் செய்தவர் யாராக இருந்தாலும், அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறவரைப் பார்த்துத்தான் எல்லாரும் முதலில் முகம் சுளிப்பார்கள். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள், ஆடிட் பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரி லேபில் ரிப்போர்ட் எழுதுபவர்கள் எல்லாரும் இதற்குத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். நான் டெல்லியில் ஒரு கால்நடை ஆராய்ச்சிக் கூடத்தில் எருமைகளின் எண்களோடு மல்லுக்கட்டுகிறவள். பயந்த அளவுக்கு எதுவும் கெட்டுப்போகாத சில சம்பவங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மாப்பிள்ளை பார்க்கும் படலம்

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ்வீடு கோமதி மாமி. வீட்டுக்காரர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ஒரு கிருத்திகையன்று மலை மந்திர் முருகன் கோயில் படியேறும்போது, "ஆபீஸ்ல அப்படி என்னதாண்டி பண்றே?" என்று பிடித்துக்கொண்டார். நானும் பொறுமையாக விளக்கினேன். எருமைக் கடா பால் கறக்காது. ஆனால் நல்ல பால் கொடுக்கும் குணம் அதனிடமிருந்தும் மகள்களுக்குப் போகும். அதனால் அதன் அம்மா, அக்கா தங்கை, மகள்கள் எவ்வளவு கறக்கிறார்கள் என்று பார்த்து, எந்தக் கடாவை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வது என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை.

மாமி இரண்டு படி ஏறி, நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "குடும்பத்தை விசாரிச்சு சம்பந்தம் முடிக்கற வேலைன்னு சொல்லேன். இதுக்கா பி.எச்டி. படிச்சே?"

மார்ச் ஒன்று

முத்துலட்சுமி நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு எங்களிடம் ஆராய்ச்சிக்கு வந்தவள். வட இந்திய வெயிலில் எருமையின் உடம்பில் எந்தெந்த மரபணு வேகமாக வேலை செய்கிறது, எது சுருண்டு படுத்துக்கொள்கிறது என்பது அவளுடைய ஆய்வு. ரத்தத்தை எடுத்து மெஷினுக்குக் கொடுத்தால், ஒவ்வொரு மரபணுவுக்கும் ஓர் எண் வரும். ஆயிரக்கணக்கான வரிசைகள். அதற்கு அர்த்தம் சொல்லத்தான் நான்.

எங்கள் துறைத் தலைவர் பத்ரா சார் அவளுடைய முதல் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு வரியில் விரலை வைத்தார். மரபணுவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மார்ச் 1' என்று இருந்தது. சில மரபணுக்களின் பெயர் மாதப் பெயர் மாதிரியே இருக்கும். எக்செல் அதைத் தேதி என்று நினைத்து மாற்றிவிட்டது. வேறு என்னவெல்லாம் மாறியிருக்குமோ என்று ஓடிப்போய் மூலக் கோப்பைத் திறந்தேன். எண்கள் எல்லாம் பத்திரம், பெயர்கள் மட்டும்தான் வேஷம் கட்டியிருந்தன. திரும்பி வந்து சொன்னதும் பத்ரா சார் கண்ணாடியைக் கழற்றினார்: "மார்ச் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும், மேடம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் ரிப்போர்ட் வருமா, அதைச் சொல்லுங்கள்."

கெட்டுப்போன மெஷின்

பெயர்களைச் சரிசெய்து மறுபடி ஓட்டினால், கோடைக்கும் குளிருக்கும் இடையே ஆயிரக்கணக்கான மரபணுக்கள் மாறியிருந்தன. முத்துலட்சுமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு மட்டும் உறுத்தியது. "கோடை ரத்தத்தை லேபில் எப்போ பிரிச்சீங்க?" என்றேன். "ஜூன்லங்க்கா." "குளிர்கால ரத்தத்தை?" "பிப்ரவரில. அது வேற கிட்டுங்க்கா, பழைய கம்பெனி சரக்கு தீந்துபோச்சு." கிட் என்பது ரத்தத்திலிருந்து மரபணுச் சரக்கைப் பிரித்தெடுக்கும் மருந்துப் பெட்டி. ஒரு வகுப்பின் விடைத்தாளை ஒரு வாத்தியாரும் இன்னொரு வகுப்பின் தாளை வேறொரு வாத்தியாரும் திருத்தினால், எந்த வகுப்பு கெட்டிக்கார வகுப்பு என்று எப்படிச் சொல்வது? தெரிகிற வித்தியாசம் வெயிலால் வந்ததா, கிட்டால் வந்ததா என்று எந்தச் சூத்திரத்தாலும் பிரிக்க முடியாது. அதைச் சொன்னதும் அவள், "மூணு வருசம் போச்சுங்களாக்கா?" என்றாள். அந்த எருமைகளும் வேறு பண்ணைக்குப் போய்விட்டன. மறுபடி ரத்தம் எடுக்க வழியில்லை.

லேப் டெக்னீஷியன் ராம்பிரசாத் வெகுநேரமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். திட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார். ஜூன் மாதம் பாதி வேலையில், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் மெஷின் நின்றுவிட்டதாம். மிச்சமிருந்த எட்டு எருமைகளின் கோடை ரத்தத்தை டீப் ஃப்ரீசரில் போட்டுவைத்து, பிப்ரவரியில் குளிர்கால ரத்தத்தோடு சேர்த்துப் பிரித்திருக்கிறார். நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அந்த எட்டுக் குப்பியும் இரண்டாவது வாத்தியார் திருத்திய முதல் வகுப்புத் தாள்! அவற்றை வைத்துக் கிட்டின் வித்தியாசத்தைத் தனியாகக் கழித்துவிடலாம். கழித்துப் பார்த்தோம். பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கியது. ஆனால் மிஞ்சியதெல்லாம் அசல். முத்துலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள். ராம்பிரசாத் இந்தியில் சொன்னார்: "மெஷின் கெட்டதுக்காகப் பாராட்டு வாங்கினது இந்த ஆபீஸ்லயே நான் ஒருத்தன்தான் மேடம்."

ஆறா, ஒன்பதா

மிஞ்சிய பட்டியலைச் சரிபார்க்கும்போது இன்னொரு கூத்து. கறவை எருமை ஒன்றின் ரத்தத்தில், ஆணுக்கு மட்டுமே இருக்கிற மரபணு ஜோராக வேலை செய்துகொண்டிருந்தது. எங்களுக்கு ரத்தம் எடுத்த அதே ஹரியானா பண்ணையில் வேறொரு ஆய்வுக்காகக் கடாக்களிடமும் ரத்தம் எடுத்திருந்தார்கள். தேடினால், அங்கே ஒரு கடாவிடம் அந்த மரபணு இருந்த சுவடே இல்லை. எருமை ஆறாம் எண், கடா ஒன்பதாம் எண். குப்பிகளின் வட்ட மூடியின்மேல் எண்ணை மட்டும் எழுதி ஒரே தட்டில் வைத்திருந்தால் வேறென்ன நடக்கும்? இரண்டையும் இடம் மாற்றினோம், எல்லாம் ஒழுங்காகப் பொருந்திவிட்டது. அதற்குள் நான் அவசரப்பட்டு பண்ணைப் பொறுப்பாளருக்குப் போன் செய்து, உங்களிடமிருந்த ஆறாம் நம்பர் கறவை எருமைதானா, கடாவா என்று கேட்டிருந்தேன். அவர் சொன்னது: "எங்க பண்ணையில கடா பால் கொடுக்காது மேடம்ஜி. உங்க கம்ப்யூட்டர்ல கொடுத்தா சொல்லுங்க, வாளியோட வர்றோம்."

சுல்தான்

இது என்னுடைய தப்பு. கருவூட்டலுக்கு விந்து எடுக்கும் நிலையத்தில் சுல்தான் என்று ஒரு கடா. வருடாந்தரப் பட்டியலில் அதன் மகள்கள் கறக்கும் பால் குறைவு என்று வந்ததால், கழித்துவிட வேண்டிய கடாக்களில் அதன் பெயரும் சேர்ந்தது. பட்டியல் போட்டது நான். அதை முடிவுசெய்யும் கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள், சும்மா ஒருமுறை பார்ப்போமே என்று பண்ணைக் குறியீடுகளைப் புரட்டினேன். இரண்டு பண்ணைகளை நான் ஒரே குறியீட்டில் போட்டிருந்தேன். ஒன்றில் வருடம் முழுக்கப் பசுந்தீவனம், இன்னொன்றில் வைக்கோல்தான். சுல்தானின் மகள்கள் பெரும்பாலும் வைக்கோல் பண்ணையில் இருந்தார்கள்.

குறியீட்டைப் பிரித்து, ஒவ்வொருத்தியையும் அவளுடைய பண்ணைத் தோழிகளோடு மட்டும் ஒப்பிட்டேன். சுல்தான் பட்டியலின் அடியிலிருந்து மேலே வந்துவிட்டான். பத்ரா சாரிடம் போய், தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். அவர் பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நானும் முத்துலட்சுமியும் நிலையத்துக்குப் போனோம். சுல்தானைப் பார்த்துக்கொள்கிற தரம்வீர் அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அதைக் கழிக்கப் போகிறார்கள் என்ற செய்தி அவருக்கு முன்னமே வந்திருந்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். சுல்தான் இல்லை, தரம்வீர். இனி அது எங்கேயும் போகாது என்று சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடினார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், இந்தியில் சொன்னார்: "கம்ப்யூட்டரை ஏன் மேடம்ஜி கேட்டீங்க? அவன் பொண்ணுங்க என்ன சாப்பிடுதுன்னு ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தா, அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே."

இத்தனை வருட அனுபவத்தில் எருமைகள் ஒருமுறைகூட எங்களுக்குத் தப்பான எண்ணைக் கொடுத்ததில்லை. அதை எழுதிக்கொள்ள மனிதர்கள் வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலில் இன்னும் தீராத ஒரே கோளாறு.