அன்வர் பாஷா கை நீட்டிய நாள்

அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி பரசுராமன், போர்வெல் அன்வர் பாஷாவுக்குத் தர வேண்டியது நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். அறுநூறு அடி, அடிக்கு எழுபது. நாலு வருஷத்துக் கடன்.

மற்ற வண்டிக்காரர்கள், தண்ணீர் வந்தாலும் புழுதி வந்தாலும் பணத்தை வாங்கிக்கொண்டுதான் வண்டியை நகர்த்துவார்கள். அன்று பரசுராமன் நிலத்தில் வந்தது வெறும் புழுதி. ஊரே நின்று பார்த்தது. அன்வர் பாஷா முகத்தில் படிந்த கல்தூளைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தண்ணி பார்த்த அன்னிக்குக் குடுங்க. அதுவரைக்கும் நான் வாயத் தொறந்து கேட்டா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான் அவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ரிக் வண்டியில் குழாய் தூக்கப் போய், முப்பது வயதில் சொந்த வண்டி வாங்கியவர். செங்கம் ரோட்டு விடுதிகளில் பாதிப் பேர் குளிப்பது அவர் போட்ட போரில் வருகிற தண்ணீரில்தான். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்வார். எவனிடமும் கை நீட்டியதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார்.

போன ஆடியில் பேத்தி உம்மே ஹானிக்கு விலாவில் வலி எடுத்தது. ஏழு வயது, தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் மெஹ்ஜபீன் அவர் மகள்; இருவரும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பயந்து பிள்ளை பகலெல்லாம் தண்ணீரே குடிப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் வீட்டிலிருந்து போன பாட்டில், தினமும் அப்படியே நிரம்பித் திரும்பி வந்திருக்கிறது.

வேலூருக்கு அவர்தான் கூட்டிப்போனார். வலது சிறுநீரகத்தில் ஒரு கல், சிறுநீர் இறங்கும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றார் டாக்டர். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். முதுகில் ஒரு பேனா பருமன்கூட இல்லாத துளை போட்டு, மெல்லிய குழாயை இறக்கி, கல்லை உள்ளேயே உடைத்து எடுத்துவிடலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் சிறுநீரகமே போய்விடும்.

"நம்ம தொழில்தான் சார். என்ன, நம்மது ஆறரை இஞ்ச்" என்றார் அன்வர் பாஷா.

செலவு தொண்ணூறாயிரம். கையில் இருந்தது ஐம்பது. அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவே ஆகாது என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அதற்கு வருமானம் கம்மி என்று எழுதி வாங்க வேண்டும். "அது இல்லாதவங்களுக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் மெஹ்ஜபீன் கேட்டபோது, டாக்டர் பொறுத்துப் பார்க்கச் சொன்னதாகச் சொன்னார். தனக்கு வந்த கல்லே வாழைத்தண்டுச் சாற்றில் இறங்கிவிட்டது என்று சொல்லி, தினமும் தன் கையாலேயே சாறு பிழிந்து கொடுத்தார். பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஸ்கூட்டரில் அடி அண்ணாமலைக்குப் போனார். டீக்கடையில் பரசுராமன் நின்றிருந்தார். கேட்க வேண்டியது ஒரு வார்த்தைதான். நிலம் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது என்றார் பரசுராமன். அன்வர் பாஷா மழையைப் பற்றிப் பேசினார், டீக்குக் காசும் கொடுத்தார், திரும்பிவிட்டார்.

மார்கழியில் பிள்ளைக்குக் குளிர்ஜுரம் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. மெஹ்ஜபீன் வளையல்களை அடகு வைத்து வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜுரம் இறங்கியதும் துளை போட்டார்கள், கல் தூள் தூளாக வந்தது. டாக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது, கடைசியாகச் சொன்னதும்கூட. வலது சிறுநீரகத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. ஆடியிலேயே சொன்னேனே என்று டாக்டர் மெஹ்ஜபீனிடம் கேட்டார். அவள் பின்னால் நின்ற தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டை வைக்கிறாள், பேசுவதில்லை.

சித்திரையில் பரசுராமன் மல்லாட்டைக் கடலை விற்ற பணத்தோடு வீட்டுக்கு வந்தார். கார்த்திகை மழைக்குப் பிறகு அந்தப் போரில் தண்ணீர் ஊறியிருந்தது. அதை வைத்துத்தான் பயிர் எடுத்திருக்கிறார். முற்றத்தில் பிள்ளை சட்டையைத் தூக்கி, பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு முதுகுத் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். பொட்டு அளவுகூட இருக்காது. பரசுராமன் விசாரித்தார். மெஹ்ஜபீன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

பரசுராமன் அன்வர் பாஷாவின் பக்கம் திரும்பினார்.

"டீக்கடைக்கு வந்தீங்களே பாய், அன்னிக்கு. அதுக்குத்தானா?"

அன்வர் பாஷா தலையை அசைத்தார்.

"தண்ணியாவது ஒண்ணாவது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பொண்டாட்டி எல்லம்மா கம்மலைக் கழட்டிக் குடுத்திருப்பாளே, பாய்."

"சொல்ல வரல பரசுராமா" என்றார்.

"கையை நீட்டுங்க."

அறுபத்தெட்டு வயதில் அந்தக் கை நீண்டது. குழாய் தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கையில் பரசுராமன் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். பிள்ளையும் வந்து நின்று சேர்ந்து எண்ணியது. எண்பத்திரண்டு. எண்பத்துமூன்று. எண்பத்துநான்கு.