மாமா பயன் சொன்ன யப்பானியத் தொடர்

ஊரை விட்டு வந்து இங்கிலாந்தில், வெம்பிளியில் நாங்கள் குடியிருந்த வீட்டில், சனிக்கிழமை மாலை விளக்கேற்றித் தேவாரம் ஓதி முடித்த பின்னரே தொலைக்காட்சிப் பெட்டிக்கு உயிர் வரும். அதிலும் ஒரு கதைதான். இரண்டாவதற்குத் தந்தையார் ஒருபோதும் இசைந்ததில்லை. அந்நாளில் என் தேவாரத்துக்கு இருந்த வேகம் எந்தப் பண்ணுக்கும் உரியதன்று.

நாங்கள் பார்த்த ஒரே வீடியோக் கசெற்றைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பியாகிய என் மாமா. ஊரை விட்டுப் புறப்பட்டுச் சிங்கப்பூர் வழியாக வந்து எங்களோடு தங்கியிருந்தார். கசெற்றில் இருந்த யப்பானியத் தொடரின் பெயரை நான் இன்றுவரை அறியேன். செந்நிறக் கவசம் பூண்ட ஒரு வீரன் ஒவ்வொரு கதையிலும் ஓர் அரக்கனோடு பொருதுவான். போர்க்களம் எப்போதும் ஒரே கல்லுடைக்கும் குழி. அரக்கனின் முதுகில் வேட உடுப்பை இழுத்துப் பூட்டும் சிப் தெரியும். ஒருமுறை வீரனின் தலைக்கவசம் கழன்று விழ, அவன் அதை எடுத்து மாட்டிக்கொண்டு போரைத் தொடர்ந்தான். அதையும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். இவற்றால் அவன்மேல் என் அன்பு பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. கல்லில் இறைவனைக் காணப் பழகிய வீட்டுப் பிள்ளைக்கு அட்டைக் கவசத்துள் வீரனைக் காண்பது அரிதன்று.

அவர்கள் பேசியதில் ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்காது. எங்கள் ஊர்க் கோயில்களில் புராணம் படிக்கையில் ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைப்பார். அதனைப் பயன் சொல்லுதல் என்போம். ஊரில் புராணத்துக்குப் பயன் சொன்ன மாமா, வெம்பிளியில் யப்பானிய வீரனுக்குப் பயன் சொன்னார்.

"எங்கையடாப்பா யப்பானியம் படிச்சனீ? எங்கட ஊர்க் கொடிகாமச் சந்தையிலயோ?" என்பார் தந்தையார்.

"சிங்கப்பூரில கொஞ்சக் காலம் நிண்டனானெல்லோ, அத்தான். காதில விழுந்ததுதான்."

மாமாவின் உரைப்படி, வீரனின் தம்பியை அரக்கர் பிடித்துப் போய்விட்டனர். அவனைத் தேடியே அண்ணன் அலைகிறான். ஒரு கிழமை பச்சையாக வந்த அரக்கன் மறுகிழமை அதே உடலோடு நீலமாக வந்தபோது மட்டும் நான் ஐயுற்றேன்.

"இவன் போன கிழமை செத்தவனெல்லோ, மாமா?"

"இல்லைப் பிள்ளை, இவன் அவன்ர தமையன். தம்பி செத்த கோவத்தில நீலம் பாரிச்சுப்போனான்."

"பெயின்ற் இன்னும் காயேல்லை, பார்," என்றார் தந்தையார்.

புராணத்து அசுரர்களுக்கும் தம்பியர் தமையர் உண்டு. ஆகவே எனக்கு மாமாவின் விளக்கமே போதுமாயிருந்தது.

மாமாவுக்கும் ஒரு தம்பி இருந்தார். சின்ன மாமா கொழும்பில் வேலை செய்கிறார் என்றே எனக்குச் சொல்லியிருந்தனர். அவரைப் படையினர் வீட்டிலிருந்து பிடித்துச் சென்றதும், ஊரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வராதா என்று அம்மாவும் மாமாவும் காத்திருந்ததும் நான் வளர்ந்த பின் அறிந்தவை. அப்போது என் கவலையெல்லாம், கசெற் முடியுமுன் வீரன் தன் தம்பியைக் கண்டடைவானா என்பதே.

கடைசிக் கதையில், வெள்ளைக் கவசம் பூண்ட ஒருவன் குழியின் விளிம்பில் தோன்றினான். நான் துள்ளி எழுந்தேன்.

"மாமா, தம்பி! தம்பி வந்திட்டான்!"

"ஓம், அவன்தான்," என்றார் மாமா. அவர் குரலிலும் வியப்பு இருந்தது. அம்மா சமையலறையிலிருந்து வந்து கதவடியில் நின்றார்.

அரக்கன் அண்ணனுக்கு ஓங்கிய அடியின் குறுக்கே பாய்ந்து, வெள்ளை வீரன் அதைத் தான் வாங்கிக்கொண்டான். பின்னர் அண்ணனின் மடியில் தலைவைத்து ஏதோ நீளமாகப் பேசினான். நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கெதியாச் சொல்லுங்கோ மாமா, அவன் கதைச்சு முடிக்கப்போறான்."

"வேலை கிடக்காம். முடிச்சுப்போட்டு வாறானாம்."

"கண்ணை மூடிட்டானே?"

"களைப்புப் பிள்ளை. நித்திரை கொள்ளுறான்."

"காணும், நிப்பாட்டு," என்றார் அம்மா. மாமா நிறுத்தவில்லை. புரியாத எழுத்துகளில் பெயர்கள் ஓடி முடிந்து திரை வெறுமையாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை, முதலிலிருந்து போடுங்கள் என்றேன். மறுக்காமல் போட்டுத் தந்தார். பயன் மட்டும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "இப்ப எனக்கு விளங்குதில்லைப் பிள்ளை," என்றார். மாமாவுக்கு யப்பானியம் மறந்துபோயிற்று என்று தெரிந்துகொண்டேன். எவ்வளவு பெரிய இழப்பு! மறுநாள் மாலை, தேவாரம் முடிந்த பிறகும் நான் சுவாமிப் படங்களின் முன்னிருந்து எழவில்லை.

"ஆருக்காகப் பிள்ளை இவ்வளவு நேரம் கும்பிடுறாய்?" என்று அம்மா கேட்டார்.

"மாமாவுக்கு யப்பானியம் திரும்பி வரவேணும், அம்மா."

அம்மா என் அருகில் அமர்ந்து தாமும் கைகூப்பினார். நாங்கள் இருவரும் அன்று ஒன்றையே வேண்டினோம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.