நடுமாடிகளுக்கு மட்டும் தங்கம்

ஜன்னல் இடுக்கில் ஒரு மெல்லிய காகிதத் துணுக்கைப் பிடித்தபடி நிற்கிறார் புள்ளி சார். காகிதம் ஆடினால் காற்று கசிகிறது என்று அர்த்தம். பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்திலும் இப்படி நின்றிருக்கிறார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் நின்றிருக்கிறார். அங்கே இவர் "லேசா ஆடுதே" என்று முணுமுணுத்ததைக் கேட்டு, அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

கட்டட வரைபடங்கள் போடும் எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் புள்ளி சார் என்று பெயர். கட்டடங்களுக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்கித் தரும் ஆலோசகர். மழைநீரைச் சேமித்தால் புள்ளி, மின்சாரத்தைக் குறைத்தால் புள்ளி; புள்ளிகள் சேர்ந்தால் வெள்ளி, இன்னும் சேர்ந்தால் தங்கம், வாசலில் பளபளவென்று ஒரு தகடு. வீட்டிலும் இதே கணக்குத்தான். மனைவி மின்விசிறியை அணைக்க மறந்தால், "போச்சு, ஒரு புள்ளி" என்பார். "எனக்கு எப்பவோ பித்தளை குடுத்துட்டாரு" என்று அந்த அம்மாள் எங்களிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சைக்கிள் நிறுத்துமிடம் என்றால் அவருக்கு உயிர். சைக்கிளில் வருகிறவர்கள் வியர்வை போகக் குளிக்க ஓர் அறையும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் புள்ளி. முன்பு அவர் வெள்ளி வாங்கித் தந்த கட்டடத்தில் அந்தக் குளியலறை முழுக்கப் பெயிண்ட் டப்பாக்கள். இதைச் சொன்னால் அவர் கோபப்படவே மாட்டார். "கட்டடம் பச்சையா இருக்கறது வேறப்பா, சர்டிபிகேட் வாங்கறது வேற. நமக்கு ரெண்டாவது வேலை" என்பார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து காரில் வருகிற மனிதர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசும்போது, நாம் என்னதான் சண்டை போடுவது?

இப்போது எழும்பிக்கொண்டிருக்கும் கோபுரம்தான் அவரைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள். சான்றிதழுக்கு இரண்டு வழிகள். முழுக் கட்டடத்தையும் ஒன்றாகக் காட்டலாம். கடைக்காரர்கள் கதவைத் திறந்துபோட்டு ஏசியைத் தெருவுக்கு விடுகிறவர்கள். அதில் போகிற புள்ளிகளை ஈடுகட்ட, மேலே மேற்குப் பார்த்த வீடுகளுக்கெல்லாம் அகலமான சன்ஷேடு போட்டே ஆகவேண்டும். அவற்றை வரைந்தவன் நான். இன்னொரு வழி, அலுவலக மாடிகளை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டுவது. தங்கம் சுலபமாக வந்துவிடும், சன்ஷேடு தேவையில்லை. தகடு எப்படியும் பொது வாசலில்தான் தொங்கும்; அது எந்த மாடிக்கு என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இதில் சிக்கல் அவருடைய தங்கை. மேலே, மேற்குப் பார்த்த வீடு ஒன்றை அவளும் கணவனும் வாங்கியிருந்தார்கள். அண்ணன் பார்க்கிற கட்டடம் என்ற ஒரே நம்பிக்கை. ஆலோசனைக் கூட்டத்துக்கு முன்பு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதுதான் அவர் பழக்கம்.

"அண்ணா, சாயந்திரம் வெயில்ல ஹாலுக்குள்ள கால் வைக்க முடியாதுன்னு பக்கத்து வீடு வாங்கினவங்க பயமுறுத்தறாங்க. நெஜமாவா?"

"அதெல்லாம் நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன் பாப்பா."

எனக்கு மனசு துள்ளியது. என் சன்ஷேடுகள் பிழைத்துவிடும் போலிருந்தது. "ஒண்ணா பண்ணலாம்னு சொல்லிடுங்க சார்" என்றேன்.

"எப்படிப்பா சொல்றது? தங்கச்சி வீட்டுக்காக சொன்ன மாதிரி ஆயிடுமே."

"அவங்க அங்க வாங்கியிருக்கறது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுதே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை அங்கே வீடு வாங்காமல் இருந்திருந்தாலும் இவர் பிரித்துத்தான் காட்டச் சொல்லியிருப்பார். இத்தனை வருஷம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த முறை அதற்கு நேர்மை என்று ஒரு பெயரும் கிடைத்துவிட்டது.

கூட்டத்தில் கட்டடத்தின் முதலாளி சுற்றி வளைக்கவில்லை. "எது சீக்கிரம் கிடைக்கும்?"

"பிரிச்சுப் பண்றது சார். ஆபீஸ் மாடிக்கு மட்டும். தங்கம் நிச்சயம்."

"அப்ப மேல இருக்கற வீடுங்களுக்கு அந்த சன்ஷேடு?"

புள்ளி சார் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "அவசியமில்ல சார்" என்றார். குரல் பிசகவில்லை. முதலாளி என் வரைபடத்தின் மேல் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம், நானும்தான் குலுக்கினேன்.

சாயங்காலம், "மேல வரைக்கும் ஒரு நடை வாயேன்" என்று அழைத்தார். தங்கையின் வீட்டில் இன்னும் பூச்சு வேலைகூட ஆரம்பிக்கவில்லை. வெயில் ஹாலைக் கடந்து, சமையலறைச் சுவர்வரை வந்து படுத்திருந்தது. நடுவில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினார். ஜன்னலின் மேல் விளிம்பில் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மறுமுனையோடு அவர் கீழே குனிந்துகொண்டே போனார். ஜன்னல் முடிந்த இடத்தில் நிற்காமல், மண்டியிட்டுத் தரைவரைக்கும் இழுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"திரைத்துணி தரையைத் தொட்டாத்தாம்ப்பா வெயில் வெளியவே நிக்கும்" என்றார். "இருக்கறதுலயே கனமான துணி எந்தக் கடையில கிடைக்கும்?"