தறிச் சத்தத்தில் மணி கூப்பிட்ட விதம்

எங்கள் நாய் மணி இறந்து பல வருடங்களாகிவிட்டன. தறியில் நிற்கும்போதெல்லாம் இன்னும் அதன் நினைப்புதான்.

திருத்தணி பக்கத்துப் பொதட்டூர்பேட்டையில், வீட்டிலேயே இரண்டு விசைத்தறி எங்களுக்கு. தறி ஓடினால் குரைப்பது கேட்காது. இதை மணி தானாகவே புரிந்துகொண்டது. ஆள் வந்தால் உள்ளே வந்து என் புடவையைக் கவ்வி மெதுவாக இழுக்கும். யாரும் பழக்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பேன்.

ஒரு நாள் மதியம் அப்படித்தான் இழுத்தது. எட்டிப் பார்த்தேன், வாசலில் யாருமில்லை.

"போ அந்தாண்ட! வேலை செஞ்சிகினு இருக்கேன் இல்ல?" என்று விரட்டினேன்.

மணி விடவில்லை. புடவை கிழிந்தேவிட்டது. கோபத்தில் கையை ஓங்கிக்கொண்டு துரத்தினேன். அது நேராகக் கொல்லைக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டியருகே நின்றது. அறையில் தூங்குகிறாள் என்று நான் நினைத்திருந்த இரண்டு வயது மகள், தொட்டி விளிம்பில் கவிழ்ந்து, தலை தண்ணீரைத் தொடத் தொங்கிக்கொண்டிருந்தாள். வாரி எடுத்தேன். நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் கணவரிடம் சொல்லி அழுதேன்.

"அது விளையாடல மே. கொயந்தையப் பாருன்னு உன்னைக் கூப்ட்டுகினு இருந்திருக்குது" என்றார்.

அன்றே தொட்டிக்கு மூடி போட்டோம். இப்போதெல்லாம் யார் வந்து என்னைத் தொட்டாலும் முதலில் தறியை நிறுத்திவிடுகிறேன். திட்டுவதெல்லாம் அப்புறம்தான்.