பயந்தவன் கேட்கிற சேனல்

என் வீட்டுக்காரர் நல்லகாமனுக்கு உலகத்தில் எந்த மூலையில் சண்டை நடந்தாலும் தெரிந்தாக வேண்டும். எங்கள் சந்தில் குழாயடியில் குடத்தால் அடித்துக்கொண்டால்கூட எட்டிப் பார்க்க மாட்டார். உக்ரைனில் ஒரு பாலம் இடிந்தால் சோற்றுத் தட்டோடு எழுந்து வந்து, "அன்னம், பாலம் போச்சு" என்பார். நம் ஊர்ப் பாலம்தான் போய்விட்டதோ என்று எனக்குப் பகீரென்று இருக்கும். எந்தப் பாலம் என்று கேட்டால் வாயில் நுழையாத ஒரு பேரைச் சொல்லுவார்.

காளவாசல் சிக்னலுக்குப் பின்பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. முன் அறையில் மெஷின் போட்டு நான் ஜாக்கெட் தைக்கிறேன். அவர் குட்டியானை ஓட்டுகிறார். குட்டியானை என்றால் காய்கறி மூட்டை ஏற்றுகிற சின்ன வண்டி, பாகன் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். விடியுமுன் கொட்டாம்பட்டிப் பக்கம் போய்க் கத்தரிக்காயும் தேங்காயும் ஏற்றி வந்து மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, வெயில் ஏறும் நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். வண்டியில் தனி ஆள். மற்ற டிரைவர்கள் பாட்டுக் கேட்பார்கள். இவர் போனில் அரசியல் பேசுகிறவர்களைக் கேட்பார். பாட்காஸ்ட் என்று அதற்குப் பேர் சொல்கிறார்கள். ஒருத்தர் உட்கார்ந்து பேசுவதற்கு இம்புட்டுப் பெரிய பேர் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவருக்குப் பிடித்த ஆளுக்கு நான் வைத்த பேர் மேப்புக்காரர். முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க மேப், கையில் குச்சி, வெயில் காலத்திலும் கோட்டு. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் "எழுதி வச்சுக்கங்க!" என்று கத்துவார். அவர் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தால் எங்கள் வீட்டில் சுவரே மிச்சம் இருந்திருக்காது. அதில் பாதி நடக்காமல் போனதே, ஏன் என்று அடுத்த வாரம் ஒருத்தரும் கேட்பதில்லை. அவரும் புதுசாக எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவார். இதில் ஒரு கூத்து, ஏவுகணை நடுவானத்தில் போய்க்கொண்டிருக்கும்போது முட்டிவலித் தைலத்துக்கு விளம்பரம் வரும். தைலம் தேய்த்து முடிகிற வரைக்கும் ஏவுகணை காத்திருக்கும்.

"இவரு சண்டையப் பத்திப் பேசுறாரா, சண்டை நடக்கணும்னு பேசுறாரா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்கு ஜாக்கெட்டு தெரியும். உலகம் தெரியாது" என்றார். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடாமல் இறக்கி வைத்தேன்.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷன் பொழுதுபோக்குக்காகக் கேட்கிறவர் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பூகோளப் பாடம் என்றால் உயிர் என்று அவரே சொல்லியிருக்கிறார். என் துணி வெட்டும் மேசையில், என் சாக்கட்டியை எடுத்து, கடலும் ஜலசந்தியும் வரைந்து காட்டுவார். இந்த இடுக்கில் கப்பல் நின்றால் நம் வீட்டுக் கேஸ் சிலிண்டர் விலை எப்படி ஏறும் என்று அவர் சொல்லிக் கொடுத்தால் எனக்கே புரியும். மறுநாள் வெட்டப் போட்ட பட்டுத் துணியில் அந்தக் கடல் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கத்துவேன். இளித்துக்கொண்டே தட்டிவிடுவார். அந்தச் சிரிப்புக்குத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், கனகலட்சுமி. ஆரப்பாளையத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை அருள்பாண்டி ஏசி மெக்கானிக். நிதானமான பிள்ளை, நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். மாமனாரும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து உலக அரசியல் பேசுவார்கள் என்று இவர் கல்யாணத்துக்கு முன்னாலேயே கனவு கண்டுகொண்டிருந்தார். மாப்பிள்ளையும் அந்தப் பேச்சுகளைக் கேட்கிறவர்தான். ஆனால் அவர் கேட்பது வேறொருத்தரை. அந்த ஆள் மேப் வைத்துக்கொள்வதில்லை. பேச ஆரம்பிக்குமுன் தொண்டையைச் செருமுவார். எதைச் சொன்னாலும் "அவசரப்படாம பாப்போம்" என்று முடிப்பார். அவருக்குச் செருமல்காரர் என்று பேர் வைத்தேன்.

தலை தீபாவளிக்கு வந்தார்கள். சுக்கா, குடல் குழம்பு, தலைவாழை இலை. நான் இரண்டாவது தரம் கறி வைக்கிறேன், பேச்சு எங்கோ நடக்கிற சண்டைக்குப் போய்விட்டது. அடித்து நொறுக்கினால்தான் அடங்குவான் என்று மேப்புக்காரர் சொன்னதை இவர் சொன்னார். மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி, "அடிச்சு யாரு மாமா அடங்கியிருக்கா? பேசித்தான் முடியும்னு எங்காளு சொல்றாரு" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். இவருக்கு வாயில் சனி.

"அது பயந்தவன் கேக்குற சேனலு. உனக்கு அதான் சரி" என்றார்.

வீட்டு மாப்பிள்ளையை, தலை தீபாவளி அன்றைக்கு, நீ என்று பேசினால் எங்கள் பக்கத்தில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை சத்தம் போடவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துபோய்க் கை கழுவினார். நான் வைத்த கறி அப்படியே இலையில் கிடந்தது. கனகா அந்த இலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாயங்காலம் வரைக்கும் இருக்க வேண்டியவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

"ஒரு போன் போட்டுப் பேசுங்க" என்று நான் சொல்லாத நாள் இல்லை. "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்பார். தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். தை மாசக் கடைசியில் மாப்பிள்ளை வளைகுடாப் பக்கம் வேலைக்கு விமானம் ஏறினார். மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். வழியனுப்ப நான் மட்டும் போனேன். இவர் லோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு லோடு இல்லை.

வளைகாப்பு முடிந்து கனகா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்ததும் இவர் எழுந்து வாசலுக்குப் போய், ஏற்கெனவே துடைத்த வண்டிக் கண்ணாடியைத் துடைப்பார். அவள் பேசி முடித்ததும் உள்ளே வந்து என் காதோரம், "என்னவாம்?" என்று கேட்பார். "போன்லயே கேக்குறது?" என்றால் மறுபடி துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை இருக்கிற பக்கம் சண்டை மூண்டது.

அன்றைக்கு இவர் சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேப்புக்காரர் குச்சியை ஒரு ஊரின்மேல் வைத்தார். சிவப்பில் வட்டம் போட்டார். "அடுத்த குறி இதுதான், எழுதி வச்சுக்கங்க!" என்றார். அவர் குரலில் அம்புட்டுச் சந்தோஷம். அது எங்கள் மாப்பிள்ளை இருக்கிற ஊர். கனகா அடுப்படியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள், அவள் காதிலும் விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தார். மேப்புக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அவர் போனில் அந்த ஊரின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, என் இஞ்ச் டேப்பால் அளக்க ஆரம்பித்தார். துறைமுகத்துக்கும் மாப்பிள்ளை தங்கியிருக்கிற இடத்துக்கும் நடுவில் அளப்பார். திருப்தி வராது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிவிட்டு மறுபடி அளப்பார். "பாரு அன்னம், இம்புட்டுத் தூரம் இருக்கு" என்பார். படத்தைப் பெரிதாக்கினால் டேப்பில் நீளம் கூடத்தான் செய்யும். ஜலசந்தி வரைந்து காட்டுகிற மனுஷனுக்கு அது தெரியாமல் இருக்குமா? எனக்கு அழுகை வந்தது. "ஆமாங்க, நல்ல தூரம்தான்" என்றேன்.

ஒருநாள் அவர் காபியைக் குடிக்காமல் வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தலையைக் குனிந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தேன். உள்ளே இருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம். "அவசரப்படாம பாப்போம்" என்றது அந்தக் குரல்.

"யாரு இது?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"அதுவா வந்துருச்சு. விளம்பரம் போல" என்றார்.

"விளம்பரத்துக்கா கண்ணாடிய ஏத்திவிட்டீங்க?"

காபியை வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே, "சண்டை நிக்கும்னு சொல்றாரு அன்னம். ரெண்டு பக்கமும் உள்ளுக்குள்ள பேசிக்கிட்டு இருக்காங்களாம். எனக்கு நம்பிக்கை இல்ல. இது பெருசாத்தான் போகும். ஆனா அவரு சொல்லிக் கேக்க நல்லாருக்கு" என்றார்.

அவரைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் அந்த இடத்தில் செத்துப்போயின. "ஆறுது, குடிங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் மாப்பிள்ளையிடமிருந்து போனே இல்லை. கனகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடச் சொன்னால் தட்டில் கோலம் போட்டாள். மூன்றாம் நாள், வெந்நீர் வைத்துக் கொடுத்து வம்படியாகக் குளிக்க அனுப்பினேன். அவள் உள்ளே போன நேரம் பார்த்துப் போன் அடித்தது. என் கையில் கத்தரியும் துணியும். மேசைமேல் அவள் போன், அதற்கு அந்தப் பக்கம் இவர். வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எடுங்க" என்றேன்.

எடுத்தார். வண்டியில் பேசிப் பழகியதால் அவருக்கு எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும்.

"கனகா..." என்றார் மாப்பிள்ளை.

"நான்தான் மாப்ள. மாமா பேசுறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"சாப்ட்டீங்களா மாப்ள?" என்றார் இவர்.

"சாப்ட்டேன் மாமா." அப்புறம் மடை திறந்த மாதிரி பேச்சு வந்தது, நாலுக்கு ஒன்று பேசுகிற அந்தப் பிள்ளையிடமிருந்து. "நெட்டு இல்ல மாமா, அதான் பேச முடியல. ராத்திரி பூராம் சத்தம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடுது. ரூம்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றானுக. எதை நம்புறதுன்னு தெரியல. நீங்க எல்லாத்தையும் கேப்பீங்கல்ல மாமா, நீங்க சொல்லுங்க. இது நிக்குமா? இன்னும் பெருசாகுமா?"

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இவர் ஏங்கின கேள்வி. உலக அரசியலை மாப்பிள்ளையே வந்து கேட்கிறார். என்ன பதில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், வண்டியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னதுதான். நான் கத்தரியைக் கீழே வைத்தேன். வேண்டாம், சொல்லிவிடாதீர்கள் என்று கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

தொண்டையைச் செருமினார்.

"நிக்கும் மாப்ள. ரெண்டு பக்கமும் உள்ளுக்குள்ள பேசிக்கிட்டு இருக்காங்க. வெளியதான் இந்தச் சத்தமெல்லாம். அவசரப்படாம பாப்போம்."

"மாமா..." மாப்பிள்ளை இழுத்தார். "இது எங்காளு பேச்சுல்ல?"

"ஆமா."

"நீங்க அவரயா கேக்குறீங்க?"

"தெனமும் கேக்குறேன்."

பிறகு மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "பயமா இருக்கு மாமா."

"எனக்கும்தான் மாப்ள" என்றார் என் வீட்டுக்காரர். "அதான் அவரக் கேக்குறேன்."

கனகா ஈரத்தலையில் துண்டோடு கதவருகே வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று நாங்கள் கவனிக்கவில்லை. இவர் அவளைப் பார்த்ததும் பேச்சை முடிக்கப் பார்த்தார், முடிக்க வரவில்லை.

"அன்னைக்குக் கறிய அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டீங்க மாப்ள. ஊருக்கு வாங்க. வந்து சாப்பிடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்." கையை ஆட்டி அவளைக் கூப்பிட்டார். "இந்தா, கனகா வந்துட்டா, பேசுங்க."

போனை அவள் கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பழைய பழக்கத்தில் துணியை எடுத்து வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து கனகா சிரிப்பதும் அழுவதும் கேட்டது. அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"அன்னம்" என்றார். "நெசமாவே நிக்கும்ல?"

உலகம் எனக்குத் தெரியாது என்று சொன்ன மனுஷன். ஒரு நாளும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டவர் இல்லை. எனக்குச் செருமல்காரரையும் தெரியாது, மேப்புக்காரர் குச்சி வைக்கிற ஊர் எதையும் தெரியாது. அவர் கையில் இருந்த துணியை வாங்கி முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"நிக்குங்க" என்றேன்.