பெயிண்ட் வாடைக்கு ஓசோன்

சாரல் விழுந்த பிறகே அறைகளுக்குப் பெயிண்ட் அடிப்பது குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் சிலரின் வழக்கம். முன்னதாக அடித்து, சீசன் பொய்த்துவிட்டால் வீண் செலவு என்பது அவர்கள் கணக்கு. சாரலில் பெயிண்ட் காயாது. காயாத அறைக்கு மறுநாளே ஆள் வந்துவிடும்.

அங்கே லாட்ஜ் நடத்தும் என் மாமாவும் அப்படித்தான் அடித்தார். வாடையைப் போக்க ஓசோன் மெஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தென்காசி வீட்டுக்கு விடுமுறையில் வந்திருந்த என்னைக் கூப்பிட்டார். என் ஆராய்ச்சியே அதுதான்: மாங்கனீசும் தாமிரமும் சேர்ந்த வினையூக்கி. தேன்கூடு போன்ற ஒரு கட்டியில் அதைப் பூசியிருப்போம். ஓசோன் அதன்மேல் பட்டு உடையும். அதில் பிறக்கும் ஆக்சிஜன் பெயிண்ட் ஆவியைச் சூடேற்றாமலே சிதைத்துவிடும். கட்டி இல்லாமல் ஓசோனை மட்டும் விட்டால் நெஞ்சை அடைக்கும்.

லேபிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த கட்டியை ஒரு பெட்டியில் வைத்து மெஷினோடு பொருத்தினேன். செய்முறை இதுதான்: ஆளை வெளியேற்று, ஏசி போட்டு ஈரத்தைக் குறை, மெஷினை ஓட்டு, நிறுத்து, ஜன்னலைத் திற. மதியத்துக்குள் வாடை போய்விட்டது.

மாமா முகர்ந்து பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"ஏட்டி, ஒரு வாசமும் இல்லையே."

"அதுக்குத்தான மாமா இவ்வளவும்."

"வாசம் இல்லன்னா சுத்தம் பண்ணுனது எவனுக்குத் தெரியும்? பெட்டி இல்லாம ஓட்டுனப்ப ஜெராக்ஸ் கடை கணக்கா ஒரு வாசம் வந்துச்சு. அத மூலிகைக் காத்துன்னு சொன்னா நம்புதாங்க."

அந்த அறைக்குச் சாயங்காலம் மதுரையிலிருந்து வரவிருந்த குடும்பத்தில் ஓர் அம்மாவுக்கு வீசிங். வாடையில்லாத அறை வேண்டும் என்று மகன் போனில் சொல்லியிருந்தார். நான் சாப்பிட்டுத் திரும்பியபோது பெட்டி வராந்தாவில் கிடந்தது. பூட்டிய அறைக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்தேன்.

"அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டும், மாமா."

"மூலிகைக் காத்து இளைப்புக்கு நல்லதுட்டி."

"அப்ப வாசல்ல நின்னு ஒரு மூச்சு இழுங்க."

பேச்சில் தோற்காத மனிதர். கதவைத் திறந்து ஆழமாக இழுத்தார். பிறகு வெகுநேரம் இருமினார். கண் கலங்க, "இது பெயிண்ட் நெடிதான். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். பெட்டியை அவரே தூக்கிவந்தார். ஜன்னலைத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம்.

சாயங்காலம் வந்துசேர்ந்த அந்த அம்மா அறை வாசலில் நின்று, பயந்து பயந்து மூச்சிழுத்தார். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பரவாயில்லையே, எந்த வாடையும் இல்ல" என்றார் மகன்.

"வாடை இல்லாத ரூமு குற்றாலத்துலயே இங்கன மட்டுந்தான், அண்ணாச்சி" என்றார் மாமா. "அதான் ரேட்டு கொஞ்சம் கூட."