போர்டில் இரைச்சல் இல்லை, கீழ்வீட்டு டிவியில் உண்டு

"நான் அப்பவே சொன்னேனே, சார்" என்று இன்று நான் சொல்லவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு வீட்டு மாடிதான் எங்கள் அலுவலகம். சர்க்யூட் போர்டு வரைவதில் பழைய விதி ஒன்று உண்டு: வேகமான சிக்னலுக்கு அடியில் கிரவுண்டை, அதாவது அடியில் விரிந்திருக்கும் செப்புப் பரப்பை, பிளக்காதே; பிளந்தால் மின் இரைச்சல் கிளம்பும். மேனேஜர் பிளந்தார். இரைச்சல் வராது என்று சிமுலேஷன் சாஃப்ட்வேர் சொன்னதாம். நாளைய சோதனையில் போர்டு தேறாவிட்டால் ஆர்டர் போய்விடும்.

இன்று போர்டை ஆன் செய்ததும் வீட்டுக்கார அக்கா படியேறி வந்தார். அவருடைய டிவி ஆன்டெனா எங்கள் ஜன்னலோரம் நிற்கிறது.

"இன்னா சார் பண்ணிகினு கீறீங்க? டிவில மூஞ்சே தெரில, கோடு கோடா கீது!"

"எங்களால இருக்காதுக்கா. சாஃப்ட்வேர்ல செக் பண்ணியாச்சு" என்றார் மேனேஜர்.

"அப்போ அந்த சாஃப்ட்வேரையே கூட்டிகினு வாங்க. அதுவே குந்தி சீரியல் பாக்கட்டும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். பிளவின் மேல் செப்புத் தகட்டை வைத்துச் சாலிடர் செய்தேன். மறுபடி ஆன் செய்துவிட்டு மேனேஜர் மாடிப்படியிலிருந்து கத்தினார்: "அக்கா, இப்போ?"

"தெரியுது சார். மாமியார் அழுவுறா."

கீழே டிவி இல்லாத அலுவலகங்களில் போர்டைச் சோதிக்க நீங்களெல்லாம் என்னதான் செய்கிறீர்கள்? எழுதுங்கள்.

எங்கள் போர்டு அந்தச் செப்பு ஒட்டோடுதான் சாயங்காலம் நாளைய சோதனைக்குக் கிளம்பிப் போனது.